பேருக்கு முன்னால ஒரு வார்த்தை

"பேருக்கு முன்னால என்ன போடணும்ணே?"

முபீன் இப்படிக் கேட்டதும், அதுவரை பிளக்ஸில் ரோஜா எங்கே வர வேண்டும், பட்டாம்பூச்சி எங்கே வர வேண்டும் என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்த சிவபாண்டிக்கு வாயடைத்துப்போனது.

கடைக்குள் அச்சு எந்திரம் யார் வீட்டுக் காதணி விழாவையோ மெல்லத் துப்பிக்கொண்டிருந்தது. முதலில் தாய்மாமன்களின் தலைமுடி வந்தது. அப்புறம் கூலிங் கிளாஸ்கள்.

"என்ன கேட்ட?"

"மேல பாப்பா படம் பெருசா வருது. பிறந்தநாள் வாழ்த்து. கீழ ஓரத்துல உங்க படம், மிலிட்டரி டிரெஸ்ல. பக்கத்துல 'வாழ்த்தும் அன்பு'ன்னு போட்டு நிக்கிது. அன்பு அப்பாவா, சித்தப்பாவா, மாமாவா?"

"ஹவில்தார்னு போடேன்."

"அன்பு ஹவில்தாரா?"

சொல்லிப் பார்த்தபோது சிவபாண்டிக்கே நன்றாக இல்லை.

"சரி, யோசிச்சு வைங்க" என்றான் முபீன். "நான் ஒத்தக்கடையில ஒரு நிக்காஹுக்குக் கிளம்புறேன். டிசைன் எல்லாம் என் தங்கச்சி ஃபாயிஸா பாத்துக்கும். அது சாயங்காலம் போன் போட்டுக் கேட்டுக்கும். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள உங்க தெருமுனையில கட்டிருவோம்."

சிவபாண்டி பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவன். பனிமலையின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையில் பேச்சு அறுந்துபோகாமல் கம்பி இழுத்தே வாலிபத்தைக் கழித்தவன். இப்போது வில்லாபுரத்தில் இரண்டு அறை கொண்ட வீட்டுக்குள், நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளையிடமிருந்து தனக்கென்று ஒரு வார்த்தையை வாங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பிள்ளை அஸ்வினி. அவன் மனைவி தமிழ்வாணியின் மகள். தமிழ்வாணியின் முதல் கணவர் திருமங்கலம் நாலுவழிச் சாலையில் விபத்தில் இறந்தபோது அஸ்வினி தவழ்ந்துகொண்டிருந்தாள். போன வருஷம் லீவில் வந்தபோதுதான் சிவபாண்டிக்கும் தமிழ்வாணிக்கும் கல்யாணம் நடந்தது. முடிந்த கையோடு அவன் ரயில் ஏறிவிட்டான். பென்ஷனோடு திரும்பி வந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை.

அஸ்வினி அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாமா இல்லை, அங்கிள் இல்லை. அவளுடைய அம்மா புருஷனை "இந்தாங்க" என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டுக் கேட்டு அவளும் "இந்தாங்க" என்றே ஆரம்பித்துவிட்டாள். உள்ளே இருந்து யார் கூப்பிட்டாலும் "இந்தாங்க"தான். சின்னக் குரலா பெரிய குரலா என்று பார்த்து அவன் எழுந்து போக வேண்டியிருந்தது.

"தானா வரும். கேட்டு வாங்காதீங்க" என்றாள் தமிழ்வாணி.

தானாக வரும் என்று எதற்கும் காத்திருந்து பழக்கமில்லாதவன் சிவபாண்டி. முதல் வாரம் அவளைக் காலையில் எழுப்பி மைதானத்தில் ஓடவைத்தான். அவளுக்குச் சளி பிடித்தது. அடுத்து, பட்டாளத்துப் பழக்கத்தில் வீட்டிலிருந்த அத்தனை ஷூக்களையும் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டான். அதில் விளையாட்டு பீரியடுக்கு அவள் போட்டுப் போகும் வெள்ளை கேன்வாஸும் ஒன்று. கறுப்பு கேன்வாஸ் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஒரே பிள்ளை அவள்தான்.

"மீசையப் பாத்தா பயமா இருக்காம்" என்று தமிழ்வாணி ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள். நேற்றுக் காலையில் அதையும் எடுத்துவிட்டான். காதுவரை வளர்ந்து, மேலதிகாரிகளே பொறாமைப்பட்ட மீசை. பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த அஸ்வினி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க" என்றாள்.

பிளக்ஸ் யோசனை அவளே அறியாமல் கொடுத்தது. "எங்க கிளாஸ்ல திவ்யாவுக்கு அவங்கப்பா பிளக்ஸ் வச்சாருமா, பஸ் ஸ்டாப்புல" என்று அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னதை, அடுத்த அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன் கேட்டுவிட்டான். மதுரையில் ஒருவன் அப்பாவாக இருப்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

பிளக்ஸ் கடைக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு பேக்கரிக்குப் போய் கேக் வாங்கி வந்தான். வாசலிலேயே அஸ்வினி நின்றிருந்தாள்.

"இந்தாங்க. போன் வந்துச்சு."

"யாரு பாப்பா?"

"கடையாம்."

"என்ன சொன்ன?"

"இல்லைன்னு சொன்னேன். வச்சுட்டாங்க."

கேக்கை வாங்க ஆள் வரவில்லையே என்று பேக்கரிக்காரர் கூப்பிட்டிருப்பார் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவள் உள்ளே போகாமல் சடை நுனியைத் திருகிக்கொண்டு அங்கேயே நின்றாள். கேக் பெட்டியைப் பார்த்துவிடுவாளோ என்று அவன் அதை முதுகுக்குப் பின்னால் தள்ளினான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போய்விட்டாள்.

அதற்கு அப்புறம்தான் முபீனுக்குச் செய்தி அனுப்ப உட்கார்ந்தான். 'அப்பா' என்று அடித்தான். அழித்தான். நாளைக்கு அந்தப் பிள்ளை ஊரே பார்க்க அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? 'சித்தப்பா' என்று அடித்தான். அது அவனுக்கே பிடிக்கவில்லை. கடைசியில், 'பேர் மட்டும் போதும்' என்று அனுப்பிவிட்டு, போரில் பின்வாங்கியவனைப் போலப் படுத்துக்கொண்டான்.

ஒத்தக்கடையில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற முபீன் அந்தச் செய்தியைப் பார்க்கவில்லை.

காலையில் ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. சிவபாண்டி ஓட்டத்தை முடித்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தான். கட்டிவிட்டிருந்தார்கள். அவன் கேட்டதைவிடப் பெரிய பிளக்ஸ். ஆனால் பெரிதாக இருந்தது அஸ்வினி இல்லை. அவன்தான். பழைய மீசையோடு, தொப்பியோடு, தேசியக்கொடிக்கு முன்னால் நின்றான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. தலைக்கு மேல் ஒரு புறா வானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

'வீர வணக்கம்' என்று இருந்தது. 'தாய்மண் காத்த தீரர் ஹவில்தார் சிவபாண்டி. மண்ணை விட்டு மறைந்தாலும் எங்கள் மனதை விட்டு மறையாதவர்.'

கீழே ஓரத்தில் தபால்தலை அளவுக்கு அஸ்வினி. பக்கத்தில், 'கண்ணீருடன், மகள் அஸ்வினி.'

அவன் அதை இரண்டாவது தடவை படித்தான். 'மகள்' என்ற இடத்தில் கண் கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. அப்புறம்தான் தான் செத்துப்போயிருப்பது உறைத்தது.

"பாத்தீங்களாண்ணே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எதிரே டீக்கடை வைத்திருக்கும் விருமாண்டி, கையில் வடிகட்டியோடு நின்றிருந்தார். "எம்புட்டுச் சின்ன வயசு. எமனுக்குக் கண்ணே கெடையாது."

"அது நான்தாண்ணே" என்றான் சிவபாண்டி.

விருமாண்டி படத்தைப் பார்த்தார். அவன் மேலுதட்டைப் பார்த்தார். வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியுதுய்யா. மீசைய எடுத்திருக்கீங்களே. கூடப்பொறந்தவருன்னு பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. அண்ணனா, தம்பியா?"

"இல்லண்ணே, நானேதான்..."

"அப்படித்தான் இருக்கும். எங்கண்ணன் போனப்ப எனக்கும் நானே போன மாதிரிதான் இருந்துச்சு. இந்தா, ஒரு டீயக் குடிங்க."

வீட்டிலிருந்து பள்ளிக்கூட வேன் நிற்கிற இடத்துக்கு இந்தத் தெருமுனை வழியாகத்தான் வர வேண்டும். ஒரு தடவை அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை. பிறந்தநாளும் அதுவுமாகப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, 'கண்ணீருடன்' என்று தன் பேரைப் படிக்கப்போகிறாள். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. முதலில் இதை இறக்க வேண்டும்.

"ஆமாண்ணே, தம்பிதான்" என்றான். "ஒரு ஏணி கெடைக்குமா? இத எறக்கணும்."

"ஏன்?"

"எழுத்துப்பிழை இருக்கு."

விருமாண்டி ஏணி கொண்டுவந்தார். ஆனால் அவன் ஏறுவதற்குள் பிளக்ஸை எழுத்தெழுத்தாக உரக்கப் படிக்க ஆரம்பித்தார். ஸ்டாண்டிலிருந்த ஆட்டோக்காரர்களும் வந்து சேர்ந்து படித்தார்கள். பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒண்ணும் இல்லையே மாப்ள" என்றார் ஒருவர். "'வணக்கம்'லயும் மூணுசுழி சரியாத்தான இருக்கு."

"பிழையெல்லாம் இல்லடா. அண்ணன் படத்தத் தம்பி எறக்குறான்னா என்ன அர்த்தம்? சொத்துத் தகராறு."

"பாடி வந்து எறங்கல. அதுக்குள்ளயா?"

மேல்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த சிவபாண்டியின் காலை யாரோ பிடித்தார்கள். "ஏய், எறங்குப்பா. நாட்டுக்காக உசுரக் குடுத்தவரு. வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்க."

சிவபாண்டி இறங்கினான். ஏணியை விருமாண்டி திருப்பி எடுத்துக்கொண்டார். டீயைத் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இறக்கத்தானே விடமாட்டார்கள். மறைக்கலாம் அல்லவா? பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் கிடந்தது. "புழுதி அடிக்குது. படம் வீணாப்போயிரும்" என்று சொல்லிப் பார்த்தான். அது எடுபட்டது. ஆட்டோக்காரர்களே தூக்கிப் பிடித்து பிளக்ஸின் மேல் போர்த்திவிட்டார்கள். சிவபாண்டிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

மூச்சு முழுதாக வருவதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் புல்லட்டை நிறுத்தினார். செல்வக்குமார். அந்த வார்டில் ஒரு கட்சிப் பிரமுகருக்கு நிழலாக இருப்பவர். தெருவில் கல்யாணமோ சாவோ அவருக்குத் தெரியாமல் நடந்தால் வருத்தப்படுவார்.

"என்ன, துணி போட்டு மூடியிருக்கீங்க? படத்திறப்பா?"

"அதெல்லாம் இல்லைங்க" என்றான் சிவபாண்டி.

"பெறகு எதுக்கு மூடியிருக்கு?"

இறந்தவர் படத்தைத் துணி போட்டு மூடினால் யாராவது பெரிய மனிதர் வந்து திறக்க வேண்டும். மதுரையில் பிறந்த எவரும் இதில் இரண்டாவது கருத்து வைத்திருக்க முடியாது.

"ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? மிலிட்டரிக்காரரு நம்ம வார்டுல. தலைவருக்கு விஷயம் போகலைன்னா என்னையத்தான திட்டுவாரு" என்றபடி செல்வக்குமார் போனை எடுத்தார். "தலைவரே, ஒரு வீர மரணம். ஆமா, வில்லாபுரம். குடும்பத்துல ஒங்களத்தான் திறக்கச் சொல்றாக. தம்பி அழுதுக்கிட்டே நிக்கிறாரு."

அவர் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் வந்தன. மைக் செட் வந்தது. சுற்றியிருந்த கடைகள் பாதி ஷட்டரை இறக்கின. அனுமதி இல்லாமல் பிளக்ஸ் கட்டியது யார் என்று விசாரிக்க வந்த ஏட்டு, விஷயத்தைக் கேட்டதும் நோட்டை மூடிவிட்டுப் போக்குவரத்தை ஒதுக்கிவிட ஆரம்பித்தார்.

"பாடி ஏர்போர்ட்டுக்கு எப்ப வருது?" என்று ஏட்டு சிவபாண்டியிடம் கேட்டார். "அவனியாபுரம் ரோட்ட க்ளியர் பண்ணணும்."

"பாடி வராது சார்."

"வராதா?"

"இங்கதான் இருக்கு."

ஏட்டு அவன் தோளில் கையை வைத்தார். "உக்காருங்க தம்பி. ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டீங்க."

சிவபாண்டி ஓரமாகப் போய் முபீனைக் கூப்பிட்டான். பல தடவை அடித்த பிறகு எடுத்த முபீனுக்கு விஷயம் புரியவே சிறிது நேரம் ஆனது.

"யா அல்லா" என்றான். "நான் தங்கச்சிகிட்டச் சரியாத்தானண்ணே சொன்னேன். மிலிட்டரிக்காரர் பிளக்ஸு, ரெண்டு படம் வந்திருக்கு, காலையில கட்டணும், பேருக்கு முன்னால போடுறத மட்டும் போன் போட்டுக் கேட்டுக்கன்னு சொன்னேன்."

"பிறந்தநாளுன்னு சொன்னியா?"

மறுமுனையில் யாரோ பிரியாணிக்குத் தால்ச்சா கேட்கும் சத்தம் வந்தது.

"அவசரமாக் கேக்குற பிளக்ஸு முக்காவாசி சாவு பிளக்ஸுதாண்ணே" என்றான் கடைசியில். "ஃபாயிஸாவ இப்பவே அனுப்புறேன். புதுசா அடிச்சு எடுத்துட்டு வரும்."

அடுத்துத் தமிழ்வாணியைக் கூப்பிட்டான். "பாப்பாவ இன்னைக்குப் பின்பக்கத் தெரு வழியாக் கூட்டிட்டுப் போ."

"ஏங்க? தெருமுனையில ஏதோ வச்சிருக்கேன்னு நீங்கதான் நேத்து ஜாடையாச் சொன்னீங்க. அது காலையில இருந்து அங்க போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிது. இருங்க, யாரோ..."

போனில் ஒரு ஓலம் கேட்டது. அது பக்கத்து வீட்டு ராக்கம்மாள். துக்க வீட்டில் முதல் ஆளாக அழுகையைத் தொடங்கிவைப்பது அவருக்குக் கைவந்த வேலை.

"அடி ஆத்தி தமிழு, ஒனக்கா இந்தக் கெதி மறுபடியும் வரணும். இப்பத்தான ரெண்டு மாசமா மூஞ்சியில சிரிப்பப் பாத்தேன்."

"அக்கா, எதுக்கு அழுகுறீங்க? யாருக்கு என்ன?"

"ஒம்புருசன் போயிட்டாருடி. முக்குல படம் கட்டியிருக்கு."

"இந்தாங்க" என்று தமிழ்வாணி போனில் சொன்னாள். "ராக்கம்மாக்கா வந்து, நீங்க போயிட்டீங்கன்னு அழுகுறாங்க. என்னன்னு நீங்களே சொல்லுங்க."

"அக்கா, நான் சிவபாண்டி பேசுறேன்" என்றான் அவன், தன்னால் முடிந்தவரை மென்மையாக.

ஒரு அலறல் கேட்டது. போன் தரையில் விழுந்தது. அதோடு தொடர்பு அறுந்தது. கம்பி இழுப்பதில் அவன் கற்ற வித்தை எதுவும் அப்போது உதவவில்லை.

வீட்டுக்கு ஓடலாம் என்று திரும்பியபோது செல்வக்குமார் மைக்கைத் தட்டினார். தலைவர் கிளம்பிவிட்டாராம், அவர் வரும்வரை கூட்டம் கலையாமல் இருக்க வேண்டும். "மறைந்த மாவீரருக்கு இப்போது மௌன அஞ்சலி. அனைவரும் எழுந்து நிற்கவும்."

"அட்டேன்ஷன்" என்று ஏட்டு அடித்தொண்டையிலிருந்து குரல் கொடுத்தார்.

அந்த ஒரு சொல்லுக்குச் சிவபாண்டியின் உடம்பு அவனைக் கேட்டதே இல்லை. குதிகால்கள் சேர்ந்தன. நெஞ்சு நிமிர்ந்தது. கை நெற்றிக்குப் போனது. டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர்கள், ஏட்டு எல்லோரோடும் சேர்ந்து அவனும் தன் மறைவுக்கு அசையாமல் நின்று அஞ்சலி செலுத்தினான். கண்ணை மட்டும் திருப்ப முடிந்தது. தெருவுக்குள்ளிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு கவுன் துள்ளி வருவது தெரிந்தது. அதற்குப் பின்னால் தமிழ்வாணி ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவளுக்குப் பின்னால் ராக்கம்மாள் மாரில் கையை வைத்துக்கொண்டு வந்தார்.

அவன் மனசுக்குள் ஓடினான். உடம்பு நின்றது.

அப்போதுதான் ஆடிக்காற்று தலைவருக்காகக் காத்திருக்க முடியாமல் தார்ப்பாயைப் பிடுங்கியது. அது ஒரு ஆட்டோவின் மேல் போய் விழுந்தது. மீசையும் குத்துவிளக்கும் புறாவுமாக சிவபாண்டி எல்லோருக்கும் காட்சி கொடுத்தான்.

அஸ்வினி நின்றாள். மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தாள். தன் படத்துக்கு வந்தாள். அதையும் படித்தாள். பிறகு சல்யூட் அடித்தபடி நிற்கிறவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தாங்க" என்றாள். மௌன அஞ்சலியில் அது தெருவுக்கே கேட்டது. "நீங்க எதுக்கு உங்களுக்கே சல்யூட் அடிக்கிறீங்க?"

எல்லாத் தலைகளும் திரும்பின. ராக்கம்மாள் அவன் காலை முதலில் பார்த்தார். அது தரையில் ஊன்றியிருப்பதைக் கண்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"உசுரோடயா இருக்கீக?" என்றார் விருமாண்டி.

"அதத்தாண்ணே காலையில இருந்து சொல்றேன்."

கூட்டத்துக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் தெரியவில்லை. நாற்காலிக்காரர் நாற்காலிகளை ஓசைப்பட மடித்தார். ஏட்டு நோட்டைத் திரும்பத் திறந்து, "பர்மிஷன் இருக்கா?" என்றார். செல்வக்குமார் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்.

"தலைவரு பாதி வழியில வந்துட்டாருய்யா. இப்ப நான் என்னன்னு சொல்ல? உசுரோட இருக்குறவரு இப்படியா பொறுப்பில்லாம இருக்குறது?"

சிவபாண்டி அஸ்வினியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். அவள் இன்னும் பிளக்ஸின் அடி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டியா பாப்பா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். "மீசை இருந்தாத்தான் நல்லாருக்கு" என்றாள். அப்புறம் விரலை நீட்டி, "அதுல மகள்னு யாரு போடச் சொன்னா?" என்று கேட்டாள்.

அவன் பயந்தது இதற்குத்தான். ஊர் பார்க்க, கேட்காமல், அவள் மேல் ஒரு உரிமையை எழுதி ஒட்டியாகிவிட்டது.

"நான் சொல்லல பாப்பா" என்றான் அவசரமாக. "சத்தியமா நான் சொல்லல. கடையில தெரியாமப் போட்டுட்டாங்க. அது தப்பு. இப்பவே எடுத்துருவோம்."

அஸ்வினியின் முகம் சுருங்கிப்போனது. "ஓ" என்றாள். பின்னால் நகர்ந்து அம்மாவின் சேலைத் தலைப்புக்குள் போய்விட்டாள். தமிழ்வாணி அவனைப் பார்த்த பார்வையில், என்ன தப்பு என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு தப்பைச் செய்துவிட்டோம் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. ஓட்டம், பாலிஷ், மீசை என்ற வரிசையில் இது நான்காவது.

அந்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சுருட்டிய புதுப் பிளக்ஸைக் கம்பு மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் சிவபாண்டியைப் பார்த்து, படத்தைப் பார்த்து, மறுபடியும் அவனைப் பார்த்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் ஃபாயிஸாண்ணே. முபீன் தங்கச்சி. மன்னிச்சுக்கங்கண்ணே. காலையில இருந்து நெஞ்சு அடிச்சுக்குது."

காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்த கோபத்தை இறக்கிவைக்கச் சிவபாண்டிக்குக் கடைசியில் ஒரு ஆள் கிடைத்தாள்.

"ஏம்மா, ஒரு வார்த்தை கேக்கத்தான ஒங்கண்ணன் போன் போடச் சொன்னான். போட்டுக் கேட்டிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமா? உசுரோட இருக்குறவன விளக்கேத்தி, புறாவ வேற பறக்கவிட்டு, இந்தப் பிள்ளையக் கண்ணீரும் கம்பலையுமாக் கீழ நிறுத்தி. நான் செத்துப்போயிட்டேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"போன் போட்டேண்ணே." ஃபாயிஸா தமிழ்வாணியின் சேலைக்குப் பின்னால் தெரிந்த ரோஸ் கவுனை எட்டிப் பார்த்தாள். "இந்தப் பாப்பாவாத்தான் இருக்கும், அதுதான் எடுத்துச்சு. சிவபாண்டி இருக்காரான்னு கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம், யாருக்கும் கேட்டுறக் கூடாதுங்கிற மாதிரி மெதுவா, 'எங்கப்பா இப்ப இல்லைங்க'ன்னு சொல்லுச்சு."